மாசியில் சிவப்பாகிய காணி

போன கிழமை, என்னிடம் வேலை பழகிய உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: இத்தனை வருடம் கணினிச் சேர்வர்களோடு மாரடித்தீர்களே, எந்தப் பிழைச் செய்தியைக் கண்டால் உங்களுக்குப் பயம் என்று. பிழைச் செய்திகளுக்கு நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. தன்னால் முடியவில்லை என்று இயந்திரம் சொன்னால் நமக்கு வேலை தொடங்குகிறது, அவ்வளவுதான். நான் பயந்தது வேறு ஒரு செய்திக்கு. அதைச் சொல்வதற்கு ஒரு சித்திரை மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எதையும் திகதியோடு சொல்லும் என் பழக்கத்தை நீங்கள் பகிடி பண்ணுவது எனக்குத் தெரியும். இந்த முறை ஆண்டையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அங்கே இருந்தவர்கள் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள். மாதங்களை மட்டும் விட முடியாது. நடந்ததெல்லாம் மாதங்களில்தான் தங்கியிருக்கிறது.

அப்போது வவுனியாவில் இருந்தபடி வடக்கே உள்ள பல அலுவலகங்களுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் வேலைநாள் காலை கிளிநொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று. விடுமுறைக்கு முன் விழுந்த இடியில் சேர்வர் பழுதாகி, திருத்தியும் ஆயிற்றாம். ஆனால் அதன் பிறகு காப்புப்பிரதி ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது, வசதிப்பட்டால் வந்து பாருங்கோ என்றார்கள். அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. மாங்குளத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனேன். அந்தத் தேத்தண்ணியைப் பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

அலுவலகம் வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. முன்பு சமைக்கும் குசினியாக இருந்த அறையில் சேர்வர் நின்றது. கணினிப் பொறுப்பாளர் அலன், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். விடுமுறையையும் பாராமல் வேலை செய்திருந்தார். கருகிய வன்தட்டைக் கழற்றிப் புதியது பூட்டி, இயங்குதளத்தை வழக்கமான முறையில் நிறுவி, கடைசிக் காப்புப்பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டிருந்தார்.

“ஒண்டும் போகேல்லை ஐயா. இடி விழுந்ததுக்கு முதல் நாள் எடுத்த பக்கப். இஞ்ச பாருங்கோ, ஒவ்வொரு நாளும் சரி, சரி எண்டுதான் இருக்கு.”

அறிக்கையைத் திரையில் உருட்டிக் காட்டினார். வரிசையாகப் பச்சை அடையாளங்கள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சிக்கல் எளிதாகவே தெரிந்தது. பெட்டிக்குள் இன்னொரு வன்தட்டு இருந்தது. புதிய இயங்குதளம் அதை என்னவென்று அடையாளம் காணவில்லை. புதிய காப்புப்பிரதி வேலை எல்லாத் தட்டுகளையும் எடுக்கப் போய், இதில் முட்டி நின்றுவிடுகிறது. இந்தத் தட்டை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது.

“ஆரோ சும்மா பூட்டிவிட்ட வெறும் தட்டு. போமட் பண்ணினா பக்கப் ஓடும். ஓமெண்டு குடுக்கட்டோ?” என்றார் அலன். அவருடைய விரல் சுட்டியின் மேலேயே இருந்தது.

நான் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். அந்தத் தட்டுக்கு முன்னால் ஒரு சிறிய மின்விசிறி, கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. வெறும் தட்டுக்கு யாரும் மெனக்கெட்டு விசிறி கட்டமாட்டார்கள்.

கையை எடுக்கச் சொன்னேன். இதில் உள்ளதை நாள்தோறும் பாவிக்கிறவர் யார், அவரைக் கூப்பிடுங்கோ என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மீட்டது சரியா என்று காப்புப்பிரதி மென்பொருளிடம் கேட்காதீர்கள். தான் எடுத்ததைத் தான் வைத்ததா என்றுதான் அதற்குத் தெரியும். எடுக்க வேண்டியதை எடுத்ததா என்பது அதற்குத் தெரியாது. அதை உபயோகிக்கிற மனிதரிடம், கடைசியாக நீங்கள் மாற்றியது எது என்று கேளுங்கள். பிறகு அதைத் தேடுங்கள்.

வந்தவர் தயாளினி. களப்பணிகள் முழுவதற்கும் பொறுப்பானவர். வரும்போதே கொஞ்சம் எரிச்சலோடு வந்தார்.

“பெட்டி பாக்க வந்தவருக்கு நான் எதுக்கு?”

சேர்வரில் இருந்தது ஒரு வரைபடம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அவர்கள் வேலை செய்யும் காணிகள் எல்லாம் துண்டு துண்டாக அதில் இருந்தன. சிவப்பென்றால் உள்ளே போகக்கூடாது. மஞ்சளென்றால் வேலை நடக்கிறது. பச்சையென்றால் துப்புரவாகிவிட்டது. அண்மையில் நீங்களே மாற்றியது எது என்று நான் கேட்டதும் தயாளினி யோசித்துவிட்டு, மாசியில் நடந்த ஒன்றைச் சொன்னார். தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு காணி. வேலை முடிந்து பச்சையாக்கிய இடம். கடைசித் தரப் பரிசோதனைக்குப் போன குழு அங்கே ஒரு மிதிவெடியைக் கண்டெடுத்தது. உடனே அந்தக் காணியை மறுபடி மூடினார்கள். அதைத் தேடித் திரையில் பெரிதாக்கினார். ஒரு மாத நெல்லுப் போல அழகான பச்சை.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.

“இது பச்சையில்லை.”

“பச்சையாத்தானே மிஸ் இருக்கு,” என்றார் அலன்.

“இருக்கிறது எனக்கும் தெரியுது. ஆனா இது பச்சையில்லை. மாசியில நானே நிண்டு சிவப்பாக்கினனான்.”

தயாளினி, மிகவும் மெதுவாக, அன்று காலை என்னென்ன அச்சடித்துக் கொடுத்தது என்று அலனிடம் கேட்டார். அலனுடைய முகம் மாறியது அப்போதுதான்.

சிவப்புக் காணிகளைச் சுற்றி, தலையில் சிவப்பு அடித்த தடிகளை நட்டு, மண்டையோட்டுப் பலகைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். தடிகளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே பச்சையாகிய காணிகளிலிருந்து பிடுங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். விடுமுறைக்குப் பின் முதல் வேலையாக, தடி பிடுங்க வேண்டிய காணிகள் எவை என்று சேர்வரிலிருந்து எடுத்து ஒரு குழுவிடம் கொடுத்தாயிற்று. குழு முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தது. மாசியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அதைவிட, காணிக்காரரோடு பேசுவதற்கென்று இருந்த அலுவலர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, திரும்பத் துப்புரவாக்கி முடித்துவிட்டார்கள் என்று நினைத்து, சந்தோஷத்தில் காணிக்காரருக்குப் போன் பண்ணியும் சொல்லிவிட்டார். காணிக்காரர் சிவராசா. மனைவி புஷ்பத்தோடு ஸ்கந்தபுரத்தில் மைத்துனர் வீட்டில் வருடக்கணக்காக ஒதுங்கியிருந்தவர். இன்றைக்கே போய்ப் பார்க்கிறோம் என்று சொன்னாராம்.

அலன் வியர்த்துப்போய், அந்தத் தட்டை எப்படியாவது வாசித்துவிடலாம், ஒரு மணித்தியாலம் தாருங்கோ என்றார். உங்களுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும். இயந்திரத்தைச் சரிப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கை துடிக்கும். ஆனால் தட்டு எங்கும் ஓடிவிடாது. நான் வலையமைப்புக் கம்பியைச் சேர்வரின் பின்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடுங்கினேன். இனி ஒருவரும் அந்த வரைபடத்தைப் பார்க்கவோ அச்சடிக்கவோ முடியாது. தயாளினி வோக்கிடோக்கியை எடுத்து, களத்தில் நிற்கும் எல்லாக் குழுக்களும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும், ஒரு தடியையும் பிடுங்கக்கூடாது, பிடுங்கியிருந்தால் அந்த எல்லையிலேயே காவல் நிற்கவேண்டும் என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

குழுக்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னன. தடி பிடுங்கும் குழு மட்டும் பதில் சொல்லவில்லை. சிவராசாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை.

பிக்கப் வண்டியில் ஏறினோம். தயாளினி என்னையும் வரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வரைபடம் எந்த மாதத்திலிருந்து பொய் சொல்கிறது என்பது தெரிந்தால்தான், இதைப்போல வேறு காணி இருக்கிறதா என்று அவரால் யோசிக்க முடியும். பரந்தனைத் தாண்டும்போது, அந்தச் சேர்வரை முதலில் அமைத்த குகனின் தொலைபேசி இலக்கத்தை அலுவலகத்தில் நின்ற அலன் தேடி அனுப்பினார். குகன் கனடாவுக்குப் போய்விட்டவர். அங்கே நடுநிசி. தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தட்டு சிறியது, நிரம்பிக்கொண்டு வந்தது. அதனால் இரண்டாவது தட்டொன்றைப் பூட்டி, அதை வாசிக்கத் தேவையான மென்பொருள் துணுக்கைத் தானே இயங்குதளத்தில் சேர்த்து, வேண்டாதவற்றை வெட்டி, வரைபடத்தைப் புதிய தட்டுக்கு மாற்றிவிட்டார். அலன் நிறுவிய வழக்கமான இயங்குதளத்தில் அந்தத் துணுக்கு இல்லை. அதனால்தான் தட்டு வெறுமையாகத் தெரிந்தது. காப்புப்பிரதி எடுக்கும் வேலையோ முதல் தட்டிலிருந்த பழைய இடத்துக்கே ஒவ்வொரு நாளும் போய், அங்கே கிடந்த பழைய வரைபடத்தையே எடுத்தது. அந்த இடம் காலியாக இருந்திருந்தால் முதல் நாளே பிழை காட்டியிருக்கும்.

“பழையதை ஏன் அழிக்கேல்லை?” என்று கேட்டேன்.

“மனம் வரேல்லை அண்ணை. ஒண்டு போனாலும் மற்றது இருக்கட்டும் எண்டு அப்பிடியே விட்டனான்.”

என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை. வன்னியில் இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே செய்தோம். தேவையானதை எடுத்துக்கொண்டு, வீட்டை இருந்தபடி விட்டுப் பூட்டினோம். சட்டி பானை அடுக்கியபடி, படங்கள் மாட்டியபடி. வீட்டைக் காலியாக்கினால் திரும்பி வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். குகன் தரவையும் அப்படியே இடம்பெயர்த்திருந்தார். காப்புப்பிரதி, ஆளில்லாத வீட்டை ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று எழுதிவைத்தது. நான் பயப்படும் செய்தி அந்தச் ‘சரி’தான்.

எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை என்றார். அப்படியானால் நம் கையில் இருந்தது மார்கழி வரைபடம். தயாளினி கண்ணை மூடிக்கொண்டு தை, மாசி, பங்குனியில் நடந்ததையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மார்கழிக்குப் பிறகு பச்சையாக்கியவை சிவப்பாகத் தெரிந்தால் ஆபத்தில்லை. பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனது இந்த ஒன்றுதான்.

“ஒண்டுதான்,” என்றார். அதில் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

பழைய கடற்பயண நூல்களை நான் விரும்பிப் படிப்பவன். அவற்றில் கப்பல்கள் பாறையில் மோதுவது வரைபடம் இல்லாத கடலில் அல்ல. அங்கே மாலுமிகள் ஆழம் பார்த்துப் பார்த்துப் போவார்கள். நம்பிக்கையான வரைபடம் உள்ள கடலில்தான் மோதுகிறார்கள். அந்தக் கிரவல் பாதையில் குலுங்கிப் போகும்போது எனக்கு அந்த நினைப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. வேறு எதையும் நினைக்காமலிருக்க வந்திருக்கலாம்.

முதலில் கண்ணில் பட்டது தடிக் கட்டு. பாலைமரத்தடியில், சிவப்புத் தலைகள் ஒரு பக்கமாக, ஒழுங்காகக் கட்டி அடுக்கியிருந்தது. குழுவினர் அடுத்த பக்க எல்லையில் நின்றார்கள். அவர்களுடைய வோக்கி வாகனத்துக்குள் கிடந்தது. பாதையோரம் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். அதன் பெட்டியில் சுடுதண்ணிப் போத்தலோடு புஷ்பம் இருந்தார். சிவராசா அங்கே இல்லை.

பற்றைகளுக்கு அப்பால், இடிந்த வீட்டு அத்திவாரத்தையும் தாண்டி, ஒரு கிணற்றுக்கட்டு. அதன் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தயாளினி பாதை விளிம்பில் நின்று, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடும் தொனியில் சொன்னார்:

“அண்ணை, அப்பிடியே நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ.”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “என்ன மிஸ், காணியைத் திரும்ப வாங்கப் போறியளே? உங்கட பச்சையும் சிவப்பும்.”

“ஓம் அண்ணை. பிழை விட்டிட்டம். அது சிவப்பு.”

சிரிப்பு அவருடைய முகத்தில் இருந்தபடியே இருந்தது. அதற்குள் இருந்த ஆள் மட்டும் போய்விட்டார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார். கிணற்றுக்கட்டின் மேல் ஏறி இருக்கச் சொன்னார் தயாளினி. அவர் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, கால்களை மண்ணிலிருந்து எடுத்து அதில் இருந்தார்.

வந்த தடத்திலேயே திரும்பி வரச் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியாத வேலையில் என் பயம் கருத்துச் சொல்லப் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவசரத்தில் நிற்கும்போது நீங்களும் அதை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். தயாளினி அழைத்த வெடி அகற்றும் குழுவினர் வந்து, மார்புக் கவசமும் முகமூடியும் அணிந்து, கருவியை மண்ணுக்கு மேல் அசைத்து அசைத்து, பாதையிலிருந்து கிணற்றை நோக்கி ஒடுங்கிய வழியொன்றை வெட்டத் தொடங்கினார்கள். முழங்காலில் இருந்து, புல்லைக் கத்தரித்து, கேட்டு, பிறகு கொஞ்சம் நகர்ந்து. வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது.

அந்த நேரம் முழுவதும் புஷ்பம் கதைத்துக்கொண்டே இருந்தார். தயாளினி அவரிடம் சொன்னது ஒன்றுதான்: அவர் தலைசுற்றி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

“இஞ்சருங்கோ, கால் விறைச்சா மாத்திப் போடுங்கோ, கீழ வைக்காதேங்கோ. உங்களுக்கு எப்பவும் அவசரம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு சொன்னனானோ இல்லையோ? என்ர தமையன்ர ஆடு அண்டைக்கு வாழைக்குள்ள போனதுக்கு அப்பிடிக் கத்தினியள், இண்டைக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறியள்?”

“ஆட்டுக்கு நான் அடிக்கேல்லையப்பா.”

“அடிக்கேல்லை, ஆனா மூண்டு நாள் அவரோட கதைக்கேல்லை. அந்த வீட்டிலதானே சாப்பிட்டனியள்?”

குழுவில் ஒரு பெண் முகமூடிக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு திடீரென்று ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்தவர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். அவர் ஊசிபோன்ற ஒரு கம்பியால் மண்ணை மெல்லக் கிளறி, நிறுத்தி, ஒரு சிறிய அடையாளத்தை நட்டார். சிவராசா உள்ளே போன தடம் பக்கத்திலேயே தெரிந்தது, ஈரமண்ணில் செருப்புக் குதி பதிந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் என் உள்ளங்கையை வைக்க இடமிருந்திருக்கும்.

புஷ்பம் கதைப்பதை நிறுத்தினார். கிணற்றுக்கட்டில் இருந்தவருக்கும் காரணம் விளங்கியிருக்க வேண்டும். கால்களை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். வழி அந்த இடத்தில் வளைந்து, சுற்றிப் போய், கிணற்றை அடைந்தது. குழுத்தலைவர் கை கொடுக்க, சிவராசா அவருடைய காலடியிலேயே கால் வைத்து வெளியே வந்தார். புஷ்பம் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து மூடியை நீட்டினார். திரும்ப ஊற்றினார். பிடுங்கிய தடிகளைக் குழுவினர் அந்தி படுவதற்குள் திரும்ப நட்டார்கள்.

தட்டைப் பற்றிக் கேட்பீர்கள். குகன் சொல்லச் சொல்ல, வேறொரு கணினியில் அவருடைய அமைப்பை அப்படியே திரும்பக் கட்டி, அதில் தட்டைப் பூட்டினோம். எல்லாம் இருந்தது. பங்குனி கடைசி வரை. அந்தக் காணி சிவப்பாக இருந்தது. அலன் திரையைப் பார்த்தார். ஓமெண்டு குடுத்திருந்தால் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் வந்தது. கிழமைக்கொருமுறை காப்புப்பிரதியை இன்னொரு கணினியில் மீட்பார்கள். தயாளினி வந்து, தான் கடைசியாக மாற்றிய காணியைக் கேட்பார். அது அங்கே இல்லாவிட்டால் அன்று ஒருவரும் களத்துக்குப் போவதில்லை. நான் கற்றுக்கொடுத்த எதையும்விட அது பெரியது. நீங்களும் செய்யுங்கள். இயங்குதளத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்றினால், பழைய இடத்தைக் காலியாக்கிவிட்டுப் போங்கள். அழிக்க மனமில்லாவிட்டால் வேறு பெயராவது வையுங்கள்.

ஆவணியில் அந்தக் காணியை மறுபடி முழுவதும் துப்புரவாக்கி, பரிசோதித்து, கையளித்தார்கள். தயாளினி என்னையும் கூப்பிட்டிருந்தார். அன்று காலை நானே காப்புப்பிரதியை மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பச்சை. தடிகள் இல்லை. புஷ்பம் லான்ட்மாஸ்ரரிலிருந்து இறங்கவில்லை. சிவராசா பாதை விளிம்பில் நின்று கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நீங்கள் முதல் நடவுங்கோ மிஸ்.”

தயாளினி நடந்தார். கிணறு வரை போய்க் கிணற்றுக்கட்டில் கையை வைத்துத் திரும்பினார். சிவராசா என்னைப் பார்த்தார்.

“பெட்டி பாக்கிற ஐயாவும் நடக்கட்டும். பெட்டிதானே பச்சை எண்டு சொன்னது.”

அதில் பகிடி இருந்தது, முழுக்கப் பகிடியும் இல்லை. நான் நடந்தேன். அந்தக் காணியில் ஒரு ஆணிகூட மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒவ்வொரு முறை காலை வைக்குமுன்னும் மண்ணைப் பார்த்தேன். சித்திரையில் வெட்டிய ஒடுங்கிய வழியில் புல் மறுபடி முளைத்திருந்தது. ஆனாலும் அது வளைந்து போன இடம் எனக்கு மறக்கவில்லை. நேராகப் போயிருக்கலாம். நான் அங்கே சுற்றித்தான் நடந்தேன்.

கிணற்றை அடைந்து திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சிவராசாவும் அதே இடத்தில் வளைந்தார்.